கோலப்பொடியில் ஒரு பள்ளிக்கூடம்

எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். ராஜபாளையத்துப் பழைய தெருக்களில் பல வீடுகள் அப்படித்தான். ரயில் பெட்டி மாதிரி நீளமாகக் கிடக்கும். முன்வாசல் ஒரு தெருவில் திறக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முன்வாசல் தெருவில் எங்களை ஒட்டி அரசு நடுநிலைப்பள்ளி இருக்கிறது. எங்கள் பக்கச் சுவர்தான் பள்ளிக்கு ஒரு பக்கத்துக் காம்பவுண்டு. பின்வாசலில் இறங்கினால் பஸ் ஸ்டாப் கிட்டத்தில். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

முன்வாசலை அம்மா பார்த்துக்கொண்டாள். விடியும் முன்னே கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டுவிடுவாள். அவள் இறந்தபோது ஒரு வருஷம் வாசலில் கோலம் போடக் கூடாது என்றார்கள். வருஷம் முடிந்தது. இனிமேல் போடலாம் என்று வந்து சொல்ல யாரும் இல்லை, நானும் போடவில்லை. முன்பக்கக் கிரில் கேட்டைப் பூட்டினேன், மரக்கதவை உள்ளே தாழிட்டேன். தனியாக இருக்கிறவளுக்கு ஒரு வாசல் போதும் என்று நினைத்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று இங்கே சொல்லப்போவதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துப்போன விஷயம் அது. வேலையில் இருந்தவரை தனிமை என்று எதுவும் தெரியவில்லை. மேடம் மேடம் என்று ஃபைலோடு நாலு பேர் நின்றுகொண்டே இருப்பார்கள், நானும் எரிந்து விழுந்துகொண்டே இருப்பேன். ஓய்வு பெற்ற அன்று மாலையைப் போட்டு, பொன்னாடையைப் போர்த்தி, வேனில் கொண்டுவந்து பின்வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு எரிந்து விழக்கூட ஆள் இல்லை. போன் அடித்தால் ரீசார்ஜ் முடியப்போகிறது என்று ஒரு பதிவு செய்த குரல் சொல்லும்.

எனக்கென்று ஒரு பேச்சுச் சத்தம் இருந்தது சாயங்காலத்தில்தான். முன்பக்கக் கேட்டுக்கு வெளியே தெருவில் இறங்கும் படிகள் இருக்கின்றன. பள்ளி விடும் நேரத்துக்கு எங்கள் வீட்டு நிழல் அந்தப் படிகளில் விழும். பிள்ளைகளைக் கூட்டிப் போக வரும் அம்மாமார்கள் மணி அடிக்கும் வரை அதில்தான் உட்காருவார்கள். நான் தாழிட்ட கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டுக் காபித் தம்ளரோடு உட்காருவேன். ஒட்டுக்கேட்பது என்று இதற்குப் பேர். இருந்துவிட்டுப் போகட்டும். என் வீட்டுப் படியில் பேசுவதை என் வீட்டுக்குள் இருந்து கேட்க நான் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

முகம் தெரியாமலே எல்லாரையும் எனக்குத் தெரியும். மாமியாரைப் பற்றி மட்டும் பேசுகிறவள் ஒருத்தி. தெலுங்கும் தமிழுமாகக் கலந்து சிரிக்கிறவள் ஒருத்தி. எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு கரகரத்த குரல். அவள் மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறாள், மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் குரல் அப்படி ஆகிவிட்டது என்று அவளே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவள் மகள் ஏழாம் வகுப்பு. இந்தப் பள்ளியில் எட்டோடு சரி. அதற்கு மேல் படிக்க தூரத்துப் பள்ளிக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும். வீட்டில் அனுப்ப மாட்டார்கள், மில்லுக்குத்தான் அனுப்புவார்கள் என்பது அவளுடைய பயம். அந்தப் பயத்தை அவள் வேடிக்கையாகத்தான் சொல்லுவாள். ஆனால் தினமும் சொல்லுவாள்.

ஒருநாள் பேச்சு எங்கள் வீட்டைப் பற்றித் திரும்பியது. கோர்ட்டுக் கேஸில் கிடக்கிற வீடு என்றாள் ஒருத்தி. பேய் இருக்கிறதாம் என்றாள் இன்னொருத்தி. கரகரத்த குரல்தான் தீர்த்துச் சொன்னது.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்லட்டி. வயசான ஆச்சி ஒருத்தி இருந்தாவ. அவிய போயிட்டாவ. பொறவு யாருமில்ல."

காபி கையில் ஆறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து, நான் இருக்கிறேனே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பதறி எழுந்து, மன்னிச்சுக்கோங்க என்று சொல்லி, மறுநாளிலிருந்து வேறு நிழல் தேடிப் போய்விடுவார்கள். வீட்டுக்காரி உள்ளே இருக்கிற படியில் உட்கார்ந்து யாராவது மாமியாரைத் திட்டுவார்களா? அதனால் யாருமில்லாமலே இருந்துகொண்டேன்.

பள்ளித் தலைமை ஆசிரியை போன் செய்தது அந்தச் சமயத்தில்தான். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், தேரடிக்குப் பக்கத்தில் வீடு. முன்பு அவருடைய அப்பாவின் பென்ஷன் விஷயமாக எங்கள் அலுவலகத்துக்கு நடந்தபோது பழக்கம். கோபக்காரி, ஆனால் ஃபைலை நகர்த்துகிறவள் என்று என்னைப் பற்றி ஓர் எண்ணம் வைத்திருந்தார்.

"மேடம், நீங்க ராஜபாளையம்தானே? நம்ம ஸ்கூலுக்கு இன்னும் பதினஞ்சு வருஷத்துக்கு என்னென்ன வேணும்னு பிளான் எழுதணும். பேரண்ட்ஸ், ஊர்க்காரங்க எல்லாரையும் கலந்துக்கிட்டு எழுதணும்னு சொல்லியிருக்காங்க. தீர்மானம் எழுத ஒரு ஆள் வேணும்."

எங்கே இருக்கிறது உங்கள் பள்ளி என்று கேட்பவள் மாதிரி வழி கேட்டுக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் படிவரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை பின்வாசலைப் பூட்டி, தெருவைச் சுற்றி, பஸ்ஸில் வந்து இறங்கியவள் போலப் பள்ளிக்குள் நுழைந்தேன்.

முதல் கூட்டம் எப்படி நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். எத்தனை கூட்டத்துக்குத் தீர்மானம் எழுதியிருக்கிறேன்! ஓர் இன்ஜினீயர் வரைந்து கொடுத்த படத்தை மேஜையில் விரித்தார்கள். ஹெச்.எம். ஸ்கேலை வைத்துக் காட்டி விளக்கினார். அம்மாமார்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படத்தைப் பார்த்தார்கள். இரும்புக் கடை பாய் ஒருவர் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். அவர் ஜும்மா தொழுகை முடிந்து வேர்க்க விறுவிறுக்க வந்தபோது கூட்டம் முடிகிற நிலைமை.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்றார் ஹெச்.எம்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கரகரத்த குரலுக்குச் சொந்தக்காரி எங்கே என்று நான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். குரல் வந்தால்தானே தெரியும்?

"சரி மேடம். ஒருமனதா ஏத்துக்கிட்டாங்கன்னு எழுதிருங்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஹெச்.எம்., உங்க ஊருக்கும் எங்க ஊருக்கும் நடுவுல என்ன கடலா இருக்கு? பேசாம இருந்தா சரின்னு அர்த்தமா? பெரியவங்க முன்னாடி மறுத்துப் பேசக் கூடாதுன்னு இருக்காங்க. இனி வெளியில போயித்தான் வாயத் திறப்பாங்க."

அவர் சிரித்துவிட்டார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டார். பாய் மட்டும் தைரியமாக, கூட்டத்தைத் தொழுகைக்குப் பிறகு வைத்தால் நல்லது என்றார். அதை எழுதிக்கொண்டேன்.

நான் சொன்னது அன்று சாயங்காலமே நடந்தது, எங்கள் வீட்டுப் படியில். என்ன படம் போட்டிருக்காவ, பொம்பளப் பிள்ளைக கக்கூஸ் கடைசி மூலையில, பயந்துக்கிட்டு ஒண்ணும் போகாது. தண்ணி டேங்க் எங்க இருக்கு, சாப்பிடுற இடம் எங்க இருக்கு. மழை வந்தா வாசல்ல முழங்கால் தண்ணி, அதக் காணோமே படத்துல. நான் கதவுக்குப் பின்னால் அவசர அவசரமாக ஒரு பழைய கேலண்டர் தாளில் குறித்தேன். அடுத்த நாள் ஹெச்.எம்.முக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"இதெல்லாம் எப்படித் தெரிஞ்சது?" என்றார் ஆச்சரியமாக.

"காதுல விழுந்தது" என்றேன். உண்மைதானே.

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்தது, மார்கழி முடிய இன்னும் சில நாள் இருந்தது. ஹெச்.எம்.முக்கு ஒரு யோசனை வந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் தெருவில் மார்கழிக் கோலம் தெருவை அடைத்துக் கிடக்கும். கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாத பொம்பளைகள் தெருவையே ஒரு தாளாக நினைத்துக் கோடு இழுக்கிறார்கள், ஒருத்தி இழுத்ததை இன்னொருத்தி திருத்துகிறாள். அதைப் பார்த்துத்தான் தோன்றியதாம். அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் கோலப்பொடி கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

பள்ளி மைதானத்தில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். இப்போது இருக்கிற கட்டடங்களை டீச்சர்கள் வெள்ளைப் பொடியில் வரைந்திருந்தார்கள். பக்கத்து வீடுகள், தெரு, எல்லாம் அதில் இருந்தது. இனி வேண்டியதைக் கலர்ப்பொடியில் நீங்கள் வரையுங்கள் என்றார் ஹெச்.எம். நீ போ, நீ போ என்று ஒருத்தியை ஒருத்தி தள்ளினார்கள். பிறகு ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். "கக்கூச மொதல்ல முன்னுக்குக் கொண்டாருவோம்" என்றாள். குரல் கரகரவென்றிருந்தது.

ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குத்தி, நான் நினைத்ததைவிட இளையவள். இத்தனை நாள் தெரிந்த ஒருத்தியை முதல்முறையாகப் பார்க்கிறேன், அவளுக்கு என்னைத் தெரியாது.

அதன் பிறகு அரை மணி நேரத்தில் அந்த மைதானம் சந்தைக்கடை ஆகிவிட்டது. வகுப்பறை மஞ்சள், கழிப்பறை நீலம், லேப் சிவப்பு. போன தடவை கட்டிய புதுக் கட்டடத்து மாடியில் ரெண்டு அறை மஞ்சளில் வந்தது. ஏட்டி, அந்தக் கோட்ட அழி. தண்ணி அந்தப் பக்கம்தான ஓடும், வாசல இந்தப் பக்கம் வையி. ஆண்கள் ஓரமாக நின்று யோசனை சொன்னார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரி எந்தப் பக்கமாக வந்து கம்பி இறக்கும் என்று நடந்து காட்டினார். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால், ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இடம் பத்தவில்லை. உயர்நிலைப்பள்ளியாக உயர்த்திக் கேட்க வேண்டும் என்றால் கூடுதலாக இடம் காட்ட வேண்டும் என்று ஹெச்.எம். சொன்னார். எல்லாரும் கோடுகளைப் பார்த்து நின்றார்கள். கரகரத்த குரல்காரி சுவர்க் கோட்டருகே போனாள். குனிந்து, கையாலேயே அந்த வெள்ளைக் கோட்டைத் தேய்த்து அழித்தாள்.

"இந்தப் பூட்டுன வீட்ட எடுத்துக்கிட்டா என்ன? சும்மாதான கெடக்கு."

"யாரும் இல்லையா அங்க?" என்றார் ஹெச்.எம்.

"எங்க இருக்காவ? நானும் எம்புட்டு நாளாப் பாக்கேன். மார்கழியிலகூட அந்த வாசல்ல ஒரு புள்ளி விழலையே. ஆளிருந்தா கோலம் இருக்காதா?"

ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லாரும். கோலமில்லாத வாசல் என்றால் எங்கள் ஊரில் ஆளில்லாத வாசல். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

என் வீட்டுக்குள் மஞ்சள் பொடி இறங்கியது. என் படுக்கை அறையில் சைக்கிள் ஸ்டாண்டு வந்தது. அம்மா கடைசியாகப் படுத்திருந்த கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு. சாமி அலமாரி இருக்கும் இடத்தில் நீலம் விழுந்தபோது, அடிப் பாவிகளா, அங்கேயா என்று கத்த வாய் துடித்தது. அடுக்களையில் சிவப்பாக லேப். பதினைந்து வருஷம் கழித்து இந்த ஊர் எப்படி இருக்கும் என்று இத்தனை பேர் கூடி அன்போடும் அக்கறையோடும் யோசித்தார்கள். அதில் நான் இல்லை. யாரும் என்னை விரட்டவில்லை. விரட்டுவதற்கு நான் இருப்பதாகவே அவர்கள் நினைக்கவில்லை. அழுகை வந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

"மேடம், நீங்க கவர்மெண்டு ஆபீஸ்ல இருந்தவங்க. அந்த வீட்டு ஓனர் யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்ல முடியுமா?" என்றார் ஹெச்.எம்.

"விசாரிக்கிறேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? அதையும் தீர்மானத்தில் என் கையாலேயே எழுதினேன்.

பொங்கல் வந்து போனது. உழக்கு அரிசியில் பொங்கல் வைத்து, மூன்று வேளை அதையே சாப்பிட்டேன். விசாரிக்க வேண்டிய ஓனர் கண்ணாடியில் தினமும் எதிரே நின்றாள். வீட்டைத் தர மாட்டேன் என்று ஒருநாள் தீர்மானிப்பேன். தந்தால்தான் என்ன, யாருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று மறுநாள் தோன்றும். எனக்கு வாரிசு கிடையாது. ஆனால் எனக்கு வேறு வீடும் கிடையாது. நான் ஓனர் என்று சொன்னால் படியில் பேச்சு நின்றுவிடும். சொல்லாமல் இருந்தால், இருக்கும்போதே இல்லாதவள் ஆகிவிடுவேன்.

பள்ளி திறந்ததும் படியில் பேச்சும் திறந்தது. இப்போது முழுக்க எங்கள் வீட்டைப் பற்றித்தான்.

"மாடிக்குப் படி எங்க வைப்பாவ?"

"அதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல இந்த வீடு கெடைக்கணும். கெடச்சிட்டா எம் பிள்ளைக்கு பஸ்ஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பாருங்க, இங்கனதான் ஒம்பதாப்பு" என்று கரகரத்த குரல் சொல்லிவிட்டு, என் கிரில் கேட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டியது. சொந்த மாட்டைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி ஒரு தட்டு.

அந்தத் தட்டுத்தான் என்னை எழுப்பியது. கோபமா, வேறு ஏதாவதா, இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்தேன். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, இரண்டு கையாலும் இழுத்தேன். கதவு அலறிக்கொண்டு திறந்தது.

வெளியே அதைவிடப் பெரிய அலறல். படியில் இருந்தவர்கள் தெருவின் நடுவே போய் விழாத குறையாக நின்றார்கள். ஒருத்தி செருப்பை விட்டுவிட்டு ஓடியே போய்விட்டாள். பூட்டிய கிரில் கேட்டுக்குப் பின்னால் நரைத்த தலையோடு நைட்டியில், கையில் காபித் தம்ளரோடு நான் நிற்கிறேன். பேய் காபி குடிக்காது என்று அவர்களுக்குத் தோன்றச் செத்த நேரம் ஆனது.

"மினிட்ஸ் எழுதுற டீச்சர்லா?" என்றாள் மூக்குத்திக்காரி கரகரத்த குரலில், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு.

"ஓனர் யாருன்னு விசாரிக்கச் சொன்னீங்கள்லா? விசாரிச்சிட்டேன்" என்றேன். "நான்தான்."

மணி அடித்தது. பிள்ளைகள் கொட்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தாள். மூக்குத்திக்காரி மட்டும் போகிற போக்கில், "கோலம் போடலையேக்கா. நாங்க என்னத்தக் கண்டோம்" என்றாள். அவள் முகம் செத்துப் போயிருந்தது.

நான் பயந்தது போலவே ஆயிற்று. மறுநாள் படியில் யாரும் உட்காரவில்லை. எதிர்ச் சாரியில் வெயிலிலேயே நின்றார்கள். என்னைக் கண்டால் மரியாதையாகத் தலையாட்டினார்கள். நான் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தேன், மூடி வைத்துப் பார்த்தேன். எதிர்ச் சாரியில் பேசுவது இந்தப் பக்கம் கேட்காது. மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அந்த வாரம்போல ஒரு வாரம் அம்மா இறந்தபோதுகூட எனக்கு வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை சுற்றிப் போகாமல் முன்வாசல் வழியாகவே பள்ளிக்குப் போனேன். ஹெச்.எம்.முக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. "தெரியாமப் பண்ணிட்டோம் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, அந்தக் கோட்ட அழிச்சிருவோம்" என்று கூட்டம் முழுக்கச் சொன்னார். அம்மாமார்கள் தரையைப் பார்த்தார்கள். மறுபடியும் அதே பழைய கூட்டம், அதே பழைய மௌனம்.

"அழிக்க வேண்டாம்" என்றேன். "என் காலத்துக்குப் பொறவு எடுத்துக்கிடுங்க. எழுதித் தாரேன். ஆனா நான் இருக்கிற வரைக்கும் ஒரு செங்கல்லத் தொட விட மாட்டேன், சொல்லிட்டேன்."

எல்லாரும் நன்றி சொல்லத் தயாரானார்கள். அப்போது மூக்குத்திக்காரி எழுந்தாள். பேச மாட்டாத அந்த அறையில் அவள் பேசினாள்.

"சொல்றேன்னு வருத்தப்படாதிய. உங்க காலத்துக்குப் பொறவுன்னா எம் மகளுக்கு அது ஆகாதேக்கா. அவ அடுத்த வருசம் எட்டு."

"அதுக்காக நான் வெரசாப் போகணும்ங்கியா?"

பாய் தொப்பியைச் சரிசெய்தார். மூக்குத்திக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது, பிறகு சிரிப்பு வெடித்தது. மில்லையே மீறிக் கேட்கிற சிரிப்பு. நானும் சிரித்தேன். எத்தனை நாளாகிவிட்டது, கதவுக்கு இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு சிரிக்காமல் ஒருத்தியின் முகத்துக்கு நேராகச் சிரித்து.

"புதுக் கட்டடத்து மேல ரெண்டு ரூம் போடலாம்னு அன்னைக்கே மஞ்சள்ல வரைஞ்சீங்கள்ல, அத மொதக் கட்டமாக் கேப்போம். அது உன் மகளுக்கு" என்றேன். "என் வீடு உன் பேத்திக்கு."

அப்படித்தான் எழுதினோம். முதல் கட்டம் மாடி அறைகள், கழிப்பறை முன்பக்கம், மழைத் தண்ணீருக்கு வாய்க்கால். கடைசிக் கட்டம் பக்கத்து வீடு. ‘உரிமையாளரின் காலத்துக்குப் பின்’ என்று என் கையெழுத்தில் எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. எழுத்து கோணாமல் எழுதி முடித்தேன்.

ஆனாலும் படியில் யாரும் வந்து உட்காரவில்லை. அன்று சிரித்ததால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்த நான்தான் முட்டாள். வீட்டுக்காரி என்று தெரிந்த பிறகு அவள் வாசலை அடைத்துக்கொண்டு உட்காரக் கூடாது, அதுதான் அவர்களுக்குத் தெரிந்த மரியாதை. வந்து உட்காருங்கள் என்று கூப்பிட எனக்கும் தெரியவில்லை. வேலையில் இருந்த காலத்தில் யாரையும் உட்காரச் சொல்லிப் பழகவில்லை.

திட்டத்தைப் பார்க்க ஓர் அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. மைதானத்தில் மறுபடியும் கோலப்பொடியில் வரைந்து வைக்க முடிவானது. நான் போனபோது பெரும்பாலும் வரைந்து முடித்திருந்தார்கள். மூக்குத்திக்காரி அன்று இரண்டாம் ஷிப்டுக்குப் போக வேண்டியவள், மில் சீருடைக் கோட்டோடு வந்து கடைசியில் எங்கள் வீட்டுப் பக்கம் குந்தியிருந்தாள். இந்த முறை சுவரை அழிக்கவில்லை. வீட்டை வெள்ளையில் நீளமாக, இரண்டு வாசல் வைத்து வரைந்தாள். அதைச் சுற்றிப் பிறகு வரப்போவதற்கு மஞ்சளில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. எழப் போனவள் திரும்ப உட்கார்ந்து, பொடியை விரலிடுக்கில் எடுத்து, வீட்டின் முன்வாசலில் என்னவோ சின்னதாகச் செய்தாள். நான் இருந்த இடத்திலிருந்து அது தெரியவில்லை.

அதிகாரி வந்தார். வயது குறைந்தவர், அவசரத்தில் இருந்தார். ஹெச்.எம். ஒவ்வொன்றாகக் காட்ட, பார்த்துக்கொண்டே நடந்தார். மாடி அறைகளைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசினார். அனுப்பி வைக்கிறேன், பார்க்கலாம் என்றார். எங்கள் வீட்டருகே வந்ததும் நின்றார்.

"இது என்ன டிசைன்? பிளான்ல இந்த சிம்பல் இல்லையே."

எட்டிப் பார்த்தேன். வரைந்த வீட்டின் வரைந்த வாசலில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கோலம். நாலு புள்ளி, அதைச் சுற்றி வளைத்து ஒரு கம்பிக்கோடு. அம்மா அவசரத்தில் போடுகிற கோலம் அதுதான். எல்லா அம்மாக்களும் அவசரத்தில் போடுகிறது அதுதான்.

ஹெச்.எம். என்னைப் பார்த்தார். கூட்டத்தின் பின்னாலிருந்து கரகரத்த குரல்தான் பதில் சொன்னது.

"அது சிம்பல் இல்ல சார். அந்த வீட்டுல ஆள் இருக்காவ."

அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து தீர்மானப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பேசியது எல்லாவற்றையும் எப்போதும் போல ஆபீஸ் தமிழில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் எனக்கு ஆபீஸ் தமிழ் வரவில்லை. அவள் சொன்னபடியே எழுதினேன்: ஆள் இருக்காவ.